பெயர் சொல்லும் பாடம்

தமிழருக்கு எதிரான எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரம் ஓய்ந்து, சிங்கள ஊரான அம்பிட்டியவிலிருந்த அந்தச் சிறிய தமிழ்ப் பள்ளிக்கூடம் திறந்தபோது மூன்றாம் வகுப்பில் பாதிப் பிள்ளைகள்தான் வந்திருந்தார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அங்கே படிப்பித்த செசிலியா டீச்சர் சுற்றாடல் பாடத்தை எடுத்தார். வழி தவறினால் பெரியவர்களிடம் பெயரையும் விலாசத்தையும் சொல்ல வேண்டும் என்பது அன்றைய பாடம்.

"அன்னலட்சுமி, எழும்பிச் சொல்லுங்கோ."

பிள்ளை எழும்பினாள். ஜன்னல் வழியே ரோட்டைப் பார்த்தாள்.

"சொல்லுங்கோ பிள்ளை."

"பேரைச் சொல்லக் கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்காங்க, டீச்சர். எங்க கடைய எரிக்க வந்தவங்க முதல்ல பேரைத்தான் கேட்டாங்க."

அந்த வாரம் பஸ்ஸில் ஒருவன் பெயர் கேட்டபோது டீச்சரும் தகப்பன் பெயரை விட்டுவிட்டு, செசிலியா என்று மட்டும் சொல்லித் தப்பியிருந்தார். சிங்களக் கிறிஸ்தவர்களும் வைக்கும் பெயர் என்பதால் அவன் அவரைச் சிங்களப் பெண் என்று நினைத்துக்கொண்டான். இந்தப் பிள்ளையின் பெயரில் எதை விட்டுச் சொல்வது?

"இருங்கோ பிள்ளை," என்றார்.

பள்ளி விட்டதும் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு இறக்கத்தில் நடந்தார். ஒரு வேன் பக்கத்தில் வந்து நின்றது. உள்ளேயிருந்த இளைஞன் ஒருவன் பிள்ளையைப் பார்த்துச் சிங்களத்தில் பெயர் கேட்டான். சின்ன விரல்கள் டீச்சரின் கையை இறுக்கின.

"என் மகள். தொண்டை கட்டியிருக்கிறது," என்று டீச்சர் சிங்களத்திலேயே சொன்னார்.

வேன் போய்விட்டது. டீச்சர் பிள்ளையைத் தாயிடம் ஒப்படைத்தார்.

மறுநாள் அவர் ரோட்டுப் பக்க ஜன்னல்களைச் சாத்திவிட்டு, பெயர் சொல்லும் பாடத்தை விட்டுப் பல் துலக்குவது எப்படி என்று படிப்பித்தார்.