எழுந்து வர ஒரு கூடாரம்

என் மனைவியும், அவளோடு ஒரே பள்ளியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நான்கு ஆசிரியைகளும் கொல்லிமலையில் இரண்டு நாள் கூடாரம் அடித்துத் தங்குவதென்று முடிவு செய்தார்கள். ஆளுக்கொரு கூடாரம். குறட்டைதான் காரணம். யாருடைய குறட்டை என்பதில் ஒருமித்த கருத்து இல்லை.

என் மனைவிக்கு வலது முழங்கால் சரியாக மடங்காது. தரையில் உட்கார்ந்தால், எழுவதற்கு யாராவது கை கொடுக்க வேண்டும். "அங்க வந்து என்னைத் தூக்கி விடுங்கடின்னு கூப்பிடணும்னா நான் வரலை" என்று போனில் அவர்களிடம் சொல்லிவிட்டாள். அவள் போவதும் போகாததும் கூடாரத்தின் கையில் இருந்தது.

துணி எவ்வளவு மழை தாங்கும், எடை என்ன, கம்பி எந்த உலோகம் என்று நான் கட்டம் போட்டு ஒரு பட்டியல் தயாரித்தேன். அவள் கண்ணாடி போட்டுப் பார்த்தாள்.

"இதுல எந்திரிக்கிறது எங்க இருக்கு?"

இல்லை.

அடுத்த தெருவில் பாத்திரக்கடை வைத்திருப்பவர் இருபது வருடம் வளைகுடாவில் இருந்தவர். குளிர்கால விடுமுறைகளில் குடும்பத்தோடு பாலைவனத்தில் கூடாரம் அடித்துப் பழகியவர். ஊர் திரும்பியபோது மூன்று கூடாரங்களும் கூடவே வந்தன. "வாங்கக்கா, மூணையும் அடிச்சுப் பாத்துடுவோம்" என்று தஞ்சாவூருக்கு வெளியே இருக்கும் தன் வயலுக்கு ஒரு காலையில் அழைத்துப் போனார். குத்தகைக்கு விட்ட வயல். அவர் எப்போதாவதுதான் போவார். பத்து நாள் முன்பு சம்பா அறுத்திருந்தார்கள். மெஷின் கொட்டிய வைக்கோல் பரவிக் கிடந்தது. கூடாரம் அடிக்க நல்ல இடம் என்று நாங்கள் இருவரும் ஒப்புக்கொண்டோம்.

முதல் கூடாரம் கவிழ்த்த சட்டி மாதிரி இருந்தது. தவழ்ந்து உள்ளே போனவள் வெளியே வரவில்லை.

"ஏங்க, சிரிக்காம வந்து இழுங்க!"

சிரித்தது நானல்ல, பாத்திரக்கடைக்காரர். ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தோம்.

இரண்டாவதில் நிமிர்ந்தபடியே நுழைந்தாள். "இதுல புடவையே கட்டலாம்" என்றாள். ஆனால் அதன் இரும்புக் கம்பிகளை மட்டும் தூக்கவே இரண்டு ஆள் வேண்டும். மலையில் வேன் நிற்கும் இடத்திலிருந்து நடக்க வேறு வேண்டும். "பாலைவனத்துல கார் டென்ட் வாசலுக்கே வந்துடும்க்கா" என்று சொல்லி, அவரே பிரித்துக் கட்டினார்.

மூன்றாவதற்கு நடுவில் ஒரே கம்பு. அது மண்ணில் இறங்காதபடி அடியில் பலகை வைத்து, துணியைச் சுற்றிலும் இழுத்து முளையடித்தோம். அவள் குனிந்து உள்ளே போய்ப் பாயில் உட்கார்ந்தாள். இளகிய ஒரு முளையை நாங்கள் தட்டிக்கொண்டிருந்தபோது வரப்பிலிருந்து குத்தகைக்காரர் கத்தினார்.

"பாய்! உளுந்து மேலயா டென்ட் அடிக்கிறீங்க?"

அறுப்புக்கு முன்பே, நிற்கிற பயிருக்குள் உளுந்து தெளித்துவிடுவது இந்தப் பக்கத்து வழக்கம். பத்திரிகையில் இருந்தபோது வருடா வருடம் அந்தச் செய்தியைத் திருத்தி அச்சுக்கு அனுப்பியவன் நான். காலடி வைக்கோலை விலக்கிப் பார்த்தேன். இரண்டிரண்டு இலையாக முளைத்திருந்தது.

"சார், நீங்க பேப்பர்ல இருந்தவருதானே?"

குத்தகைக்காரர் கிட்டே வந்து கேட்டபோது, விலக்கிய வைக்கோலை மூடிக்கொண்டிருந்தேன். பாத்திரக்கடைக்காரர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு தம்பி போச்சு?" என்று பக்கத்தில் ஒரு குரல். என் மனைவி. செருப்புகூடப் போடாமல் நின்று வைக்கோலைக் காலால் ஒதுக்கிக்கொண்டிருந்தாள். திருப்பனந்தாள் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள்.

பாத்திரக்கடைக்காரர்தான் முதலில் கவனித்தார். "அக்கா, யாரு தூக்கி விட்டது?"

அவள் கூடாரத்தைத் திரும்பிப் பார்த்தாள். "நடுக்கம்பப் புடிச்சு வந்துட்டேன் போல. உளுந்துன்னு கேட்டுச்சு, உக்கார முடியலை."

மறுபடி உள்ளே போய் உட்கார்ந்து, கம்பைப் பிடித்து எழுந்து வந்தாள். இன்னொரு முறையும். நான்காவது முறைக்குக் குனிந்தபோது குத்தகைக்காரர் கும்பிட்டார். "அக்கா, மிச்சத்த அந்த ரோட்டோரத்துல வச்சு எந்திரிங்களேன்."

சாலையோரம் மாற்றி அடித்தோம். அங்கேயும் எழுந்தாள். முளைகளை நாங்கள் பிடுங்குவதற்குள் போனை எடுத்துவிட்டாள்.

"நான்தான்டி. வேன் எத்தனை மணிக்கு?"