படத்துக்கு எழுத்து வாசித்தவள்

எங்கள் வீட்டில் இங்கிலீஷ் வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். தமிழ் வாசிக்கத் தெரிந்தவளும் நான்தான். அப்பா பன்வில தோட்டங்களிலிருந்து தேயிலைப் பெட்டிகளைக் கண்டி ஸ்டேஷனுக்குக் கொண்டுவரும் மாட்டுக் கரத்தைகள் வைத்திருந்தார். கன்னியர் மடத்துப் பள்ளியில் என்னைச் சேர்த்தவர் அவர்தான். கடைசி வகுப்பு முடிந்த மறுநாளே என்னை வீட்டுக்குள் உட்கார வைத்தவரும் அவர்தான். படிக்காத பெண் தெருவில் நிற்பதைவிடப் படித்த பெண் நிற்பது கேவலம் என்பது அவருடைய எண்ணம். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகலாம். மற்ற நாட்களில் முன்னறை ஜன்னல்தான். அதற்கு எதிரே மண் சரியாமலிருக்கக் கட்டிய கருங்கல் மதில், மதில் முழுக்கப் பாசி. அந்தப் பாசியை நான் பார்த்த அளவுக்கு இந்த ஊரில் வேறு யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

அங்கிருந்து என்னை வெளியே எடுத்தது பயஸ்கோப்.

பக்கத்து வீட்டில் துணிக்கடை முதலாளியின் மனைவி இருந்தார். அலவத்துகொடயில் பிறந்து கண்டியில் வாழ்க்கைப்பட்ட முஸ்லிம் பெண். நான் அவரை மாமி என்பேன். சனிக்கிழமைதோறும் திரை போட்ட வண்டியில் மதினிமாரோடு படத்துக்குப் போவார். கொட்டகையில் பெண்களுக்கென்று தட்டி வைத்து மறைத்த இடம் உண்டு. அப்போதைய படங்கள் பேசமாட்டா. ஆட்கள் வாயை அசைப்பார்கள், பிறகு திரையில் இங்கிலீஷ் எழுத்து வரும். அதை வாசித்துச் சொல்ல ஆளில்லாமல், எவன் எவளுக்குப் புருஷன் என்றே தெரியாமல் அவர்கள் திரும்பி வந்திருக்கிறார்கள்.

ஒருநாள் மாமி எங்கள் வாசலுக்கு வந்து அப்பாவிடம் கேட்டார். "தம்பி, மகளப் படிக்க வெச்சீங்க. அந்தப் படிப்ப அலுமாரியில வெச்சுப் பூட்டவா? சனிக்கிழமைக்கு மட்டும் தாங்க. நானே கூட்டிப் போய்க் கூட்டி வாறேன்."

மகளின் படிப்பை அயல்வீட்டார் இரவல் கேட்பது அப்பாவுக்குப் பெருமையாக இருந்தது. "எழுத்து வாசிக்கத்தானே? போகட்டும்" என்றார். எழுத்து இருக்கும்வரை எனக்கு வெளியே போக வழி உண்டு என்று அதற்கு அர்த்தம். அன்று எனக்கு அது விளங்கவில்லை.

வாசிக்கப் போனவள்தான் என்றாலும் படங்களைப் பற்றி எனக்கு அபிப்பிராயங்கள் இருந்தன. கலங்கரை விளக்கக்காரனின் மகள் புயலில் தனியே படகு வலித்துப் போகும் அமெரிக்கப் படம் ஒன்று வந்தது. பாதிவரைக்கும் அதற்கு ஈடாக நான் ஒன்றும் பார்த்ததில்லை. முடிவில் அவள் ஒரு கப்பல் கப்பித்தானைக் கல்யாணம் செய்துகொண்டு மேசைக்கு விரிப்புப் பின்னுகிறாள். படகு என்ன ஆனது என்று படமெடுத்தவர்கள் சொல்லவேயில்லை. காற்றில் பறந்த தன் தொப்பியைத் துரத்தி ஊரெல்லாம் ஓடுபவனின் படத்துக்கு மதினிமார் கண்ணீர் வரச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு தொப்பிக்காக ஒருவன் ஊர் முழுவதும் ஓடலாம், எங்கே போகிறாய் என்று யாரும் கேட்பதில்லை. பம்பாயிலிருந்து வந்த ராஜகுமாரன் படத்தில் புலி மட்டுமே மிகையாக நடிக்கவில்லை. கோயில் மண்டபத்தில் காட்டிய யேசுநாதரின் பாடுகள் படத்தில் யூதாஸாக வந்தவன்தான் திறமாக நடித்தான் என்று மடத்து மதரிடம் சொன்னேன். அவர் பேச்சை மாற்றிவிட்டார்.

எழுத்தில் வந்த வசனங்களிலும் பாதி வீண் அலங்காரம். நிலவு, ரோஜா, உள்ளம் என்று திரை நிறைய வரும். நான் "அவளை அவனுக்குப் பிடிச்சிருக்கு" என்று முடித்துவிடுவேன்.

"அவ்வளவு நீளமா எழுதினது இவ்வளவுதானா?" என்பார் மாமி.

"இவ்வளவுதான் மாமி."

"அப்ப ஏன் மரத்தப் புடிச்சிட்டு நிக்கிறான்?"

"நேரே சொல்லத் தைரியமில்ல."

"எங்கட மனுசனும் அப்படித்தான். மரந்தான் இல்ல."

பிறகு பேசும் படம் வந்தது. முதலில் வந்தவை இங்கிலீஷ் படங்கள். எழுத்துப் போய்விட்டது. அதனால் என்ன, என் இங்கிலீஷ் இருக்கிறதே என்று தலை நிமிர்ந்துதான் போய் உட்கார்ந்தேன். கண்டி மழை தகரக் கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது. திரையில் ஒருவன் மூக்கால் படபடவென்று பேசினான்.

"மகள், என்ன செல்றான்?"

"மழையில கேக்கல மாமி."

கொஞ்ச நேரத்தில் கூரைச் சத்தம் அடங்கியது. "மழை விட்டுட்டு" என்றார் மாமி.

எனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. மதர்மார் ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைப்பது போலப் பேசுவார்கள். இவர்களோ சொற்களை மென்று துப்பினார்கள். "கோவமா இருக்கான்" என்றேன்.

"அது எனக்கும் வெளங்குது" என்றார் மாமி.

மதினிமார் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படித்தவளான நான் இருட்டில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டேன். மாமி இதை எங்கள் வீட்டில் சொல்லவில்லை. ஆனால் இங்கிலீஷ் படங்களுக்கு அவர்கள் போவது நின்றது. அவர்கள் போகாவிட்டால் நானும் இல்லை. பல மாதங்கள் சனிக்கிழமையும் மற்ற நாட்களைப் போலவே பாசி பார்த்துக் கழிந்தது.

கடைசியில் மதராஸிலிருந்து தமிழ் பேசும் படம் வந்தது. தோட்டங்களிலிருந்து ஆட்கள் லொறிகளில் இறங்கினார்கள். நான் சேலை மாற்றிக்கொண்டு வந்து நின்றேன்.

"தமிழே பேசுதாமே" என்றார் அப்பா. "அப்ப நீ என்னத்த வாசிக்கப் போற?"

திரை போட்ட வண்டி நான் இல்லாமல் போனதை ஜன்னலில் நின்று பார்த்தேன்.

மறுநாள் பூசை முடிந்து நாங்கள் வீட்டுக்கு வந்தபோது மாமி எங்கள் கதிரையில் உட்கார்ந்திருந்தார். "தம்பி, அது எந்த ஊர்த் தமிழ்? அவள் 'ப்ராணநாதா' எண்டாள். அவன் பாடினான். ஒரு தாடிக்காரன் வந்தான், அவனும் பாடினான். நாங்க நாலு மணித்தியாலம் சும்மா குந்திட்டு வந்தோம். மகள் வராட்டிச் சரிவராது."

அடுப்படியிலிருந்து அம்மா சொன்னார்: "தமிழத் தமிழ்ல சொல்லத்தான் இவள மடத்துல படிக்க வச்சோமா?"

"அது சாமிக் கதை அக்கா" என்றார் அப்பா. "நாங்க வேதக்காரங்க."

"எங்கட சாமியும் இல்லதானே தம்பி. அதனாலதான் ஒண்டும் தெரியல்ல."

அப்பா சிரித்துவிட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். "புருஷன் என்ன செஞ்சாலும் பொம்பள எப்படி அடங்கி நடக்கணும்னு காட்டுறாங்களாம். ஸ்டேஷன்ல சொன்னாங்க. அந்த மாதிரிப் படம்னா போ. வேற எதுக்கும் கேக்காத."

அடுத்த சனிக்கிழமை போனேன். ஒரு முனிவரின் பேச்சைக் கேட்டு அரசன் தன் மனைவியைக் காட்டுக்கு விரட்டுகிறான். அவள் மரத்துக்கு மரம் நின்று பாடுகிறாள். "நாதா, இத்தாசி இழைத்த அபராதம் யாதோ?" என்று கையேந்தினாள்.

"நான் என்ன பிழை செஞ்சேன்னு கேக்கிறா" என்றேன்.

"என்ன பிழை செஞ்சா?"

"ஒண்ணும் செய்யல மாமி."

"அப்ப ஏன் கேக்கிறா?"

அந்த இடத்துக்கு என்னிடம் தமிழ் இல்லை. முடிவில் அவள் அவன் காலில் விழுந்தாள். வானத்திலிருந்து பூ கொட்டியது.

படம் எப்படி என்று அப்பா கேட்டார். "நல்ல படம் அப்பா. பொம்பளைங்க பாக்க வேண்டிய படம். மாமிக்கு இன்னும் சரியா வெளங்கல" என்றேன். அவர் திருப்தியோடு தலையாட்டினார்.

என் அபிப்பிராயத்தை இங்கே எழுதுகிறேன். மட்டமான படம். பாட்டு அதிகம், கதை இல்லை, கதாநாயகிக்குக் கண்ணை உருட்டுவதைத் தவிர வேறொன்றும் தெரியாது. அது ஓடிய எல்லாச் சனிக்கிழமையும் போய்ப் பார்த்தேன்.