ஸ்பிரிங் இல்லாமல் சுட்ட பிஸ்டல்

இதைக் கட்டுக்கதை என்று நினைத்துப் படிக்கிறவர்கள் அப்படியே படித்துக்கொள்ளட்டும். எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது. ஆனால் நடந்தது நடந்ததுதான். ராத்திரி இல்லை. கரண்ட் போகவில்லை. நாய் ஊளையிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை, பகல் பதினொன்றே கால். பக்கத்து வீட்டு ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியாக நல்ல வெயில். அந்த வெயிலில்தான் என் வீட்டுத் தரையில் ரத்தம் சிந்தியது.

நான் பல் செட் செய்கிறவன். பல் டாக்டர் நோயாளியின் வாயில் மாவை வைத்து அச்செடுத்து அனுப்புவார். அதை வைத்துப் பல் கட்டிக் கொடுப்பது என் தொழில். பொழுதுபோக்கு, பழைய ஏர் பிஸ்டல்கள். பயப்பட வேண்டாம், இதில் வெடிமருந்து கிடையாது. உள்ளே இருக்கும் ஸ்பிரிங் காற்றை அழுத்தி, மிளகை விடச் சற்றே பெரிய ஈயக் குண்டைத் தள்ளும். போட்டிகளில் காகித வட்டத்தைக் குறி பார்த்துச் சுடுவதற்கானது. துருப்பிடித்துக் கிடப்பதை வாங்கிக் கழற்றித் தேய்த்து, காய்ந்துபோன தோல் வாஷரை மாற்றி, மறுபடி அதைச் சுட வைப்பதில் எனக்கு ஒரு கிறுக்கு.

"ஒருநாளாவது எனக்கு ஒரு பாத்திரம் இப்படித் தேச்சுக் குடுத்திருக்கீங்களா?" என்பாள் மனைவி.

அந்தப் பிஸ்டல் பழைய சாமான் கடையில் கிடைத்தது. இரும்பெல்லாம் நன்றாகவே இருந்தது. மரப்பிடிதான் ஒரு பக்கம் பிளந்து, துண்டு உடைந்து போயிருந்தது. இந்த வகைப் பிஸ்டலில் பிடியை ஆளின் கைக்குத் தகுந்தபடி செதுக்குவார்கள். ஒருவர் பிடி இன்னொருவருக்குச் சேராது. இதைச் செதுக்கியவருக்குப் பெரிய கை. என் விரல்கள் அதில் பாதிகூடச் சுற்றவில்லை.

உடைந்த இடத்தை நிரப்ப வேண்டுமென்றால் அந்தக் கையின் வடிவம் தெரிய வேண்டும். அச்செடுக்க எனக்கா தெரியாது? சனிக்கிழமை சாயங்காலம் அச்செடுக்கும் ரோஸ் நிற மாவைப் பிசைந்து, ஒரு கை பிடித்திருப்பது போலவே பிடியைச் சுற்றி அப்பினேன். அந்த மாவுக் கையின் ஆள்காட்டி விரலை மட்டும் நேராக நீட்டி விட்டேன். மாவு இறுகியதும் கழற்றிப் பார்த்தேன்.

உள்பக்கம் ஒரு உள்ளங்கை. சரிதான், எதிர்பார்த்ததுதான்.

ஆனால் அதில் ரேகைகள் இருந்தன.

வழவழப்பான மரத்தில் ஏது ரேகை? ஆயுள் ரேகை வரைக்கும் தெளிவாகத் தெரிந்தது. பாதியில் வெட்டுப்பட்ட மாதிரி நின்றிருந்தது. தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுவென்று இருந்தது. இறுகும்போது மாவு கொஞ்சம் சூடாவது உண்டு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மேசைமேல் வைத்துவிட்டுத் தூங்கப் போனேன்.

காலையில் வந்து தொட்டபோதும் அதே சூடு.

நேராக விட்டிருந்த ஆள்காட்டி விரல்... மடங்கியிருந்தது.

மைத்துனன் வந்த சத்தம் கேட்டது. மனைவியின் தம்பி. ஏசி மெக்கானிக். சமையலறை ஃபேனைச் சரிசெய்ய வந்திருந்தான். கருவிப் பையோடு என் அறை வாசலில் வந்து நின்றான்.

"என்ன மாமா, இன்னிக்கு யாருக்குப் பல்லு கட்டுறீங்க? துப்பாக்கிக்கா?"

"வா மாப்ள," என்றேன். கையில் அந்தப் பிஸ்டலை எடுத்திருந்தேன். அப்போது அது வெறும் கூடு. ஸ்பிரிங்கைக் கழற்றி எண்ணெய்த் தட்டில் ஊறப் போட்டிருந்தேன். குண்டும் போடவில்லை. பிடி எவ்வளவு தளர்வாக இருக்கிறது என்று பார்க்கத்தான் எடுத்தேன்.

தளர்வே இல்லை.

நேற்றுப் பாதிகூடச் சுற்றாத என் கை, இன்று அளவெடுத்துத் தைத்த உறை மாதிரி அதில் உட்கார்ந்திருந்தது. விரலைப் பிரிக்கப் பார்த்தேன். முடியவில்லை. என் கால்கள் தானாகப் பக்கவாட்டில் திரும்பின. தோள் நிமிர்ந்தது. மூச்சு பாதியில் நின்றது. போட்டிக்காரர்கள் நிற்பார்களே, அப்படி. கை மெதுவாக, ஆடாமல் அசையாமல், மேலே எழுந்தது...

நேராக மைத்துனனின் முகத்துக்கு.

"மாமா, விளையாடாதீங்க."

"நான் இல்லடா."

"கீழ இறக்குங்க மாமா!"

"இறங்க மாட்டேங்குது... ஓடு!"

ட்டப்!

அவனுக்குப் பின்னால் அலமாரிக் கண்ணாடி நொறுங்கியது. நான் எண்ணெய்த் தட்டைப் பார்த்தேன். ஸ்பிரிங் அதிலேயே கிடந்தது.

ட்டப்!

அவன் காதைப் பொத்திக்கொண்டு அலறினான். விரல் இடுக்கில் ரத்தம் கொப்பளித்தது. காது மடலில் ஒரு துண்டைக் காணோம். மேசைக்கடியில் பாய்ந்தான். என் கால்கள் அவனைத் தேடி ஒரு அடி வைத்தன. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். கடித்தேன். என் சதையை நானே கடித்தேன். வாயெல்லாம் உப்பு. கை ஒரு நூல்கூட அசையவில்லை.

"என்ன சத்தம்?"

வாசலில் மனைவி.

கை நின்றது. மைத்துனனை மறந்தது. மெதுவாக, மிக மெதுவாக, அவள் பக்கம் திரும்பியது. இத்தனை நேரம் அது அவளுக்காகத்தான் காத்திருந்த மாதிரி.

அவள் இடது கண். வேறெதுவும் எனக்குத் தெரியவில்லை. அந்தக் கண் மட்டும், காகித வட்டத்தின் நடுப்புள்ளி மாதிரி...

"உடைடா!" என்று கத்தினேன். "என் கையை உடை!"

மைத்துனன் எழுந்தான். என்மேல் விழுந்தான். மணிக்கட்டை மேசையோடு அழுத்தினான். மறுகையில் சுத்தியல்.

விரலில் ஒரு அடி.

சாக்பீஸ் முறிகிற சத்தம்.

ட்டப்! மனைவியின் நெற்றிக்குப் பக்கத்தில் கதவுச் சட்டம் தெறித்தது.

"இன்னும் விடல மாப்ள... அடி!"

இரண்டாவது விரல்.

விடவில்லை.

அவன் அழுதுகொண்டே அடித்தான்.

மூன்றாவது.

பிஸ்டல் விழுந்தது.

பக்கத்து வீட்டு ரேடியோவில் அதே பாட்டுதான் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் கதவு நசுக்கிவிட்டது என்று சொன்னோம். டாக்டர் நம்பவில்லை. ஆனால் கட்டுப் போட்டார். என் மனைவி வீட்டுக்கு வந்து ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "அந்த ரூம்ல எதுவும் இருக்கக்கூடாது." இருந்த அத்தனையையும் மைத்துனன் அள்ளிக்கொண்டு போனான். ரோஸ் நிற மாவை மட்டும் யாரும் தொடவில்லை. குறடால் எடுத்து அடுப்பில் போட்டேன். கருகும்போது அது வாடை அடித்தது. மாவு வாடை இல்லை.

கடைக்காரரைக் கேட்டு, அந்தப் பிஸ்டல் வந்த வீட்டைக் கண்டுபிடித்தோம். மைத்துனன் கொண்டுபோயிருந்த பிஸ்டலைத் துணியில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு நானும் அவனும் போனோம். என் மனைவி வயதுதான் இருக்கும், ஒரு பெண் கதவைத் திறந்தாள். அவளுக்கு இடது கண் இல்லை. இமை உள்வாங்கி வெறும் குழியாக இருந்தது.

நாங்கள் இன்னும் வாயைத் திறக்கவில்லை. பையையும் பிரிக்கவில்லை. அவள் என் கைக்கட்டைப் பார்த்தாள்.

"எத்தனை விரல்?"

"மூணு..."

"நாங்க நாலு உடைச்சோம்."

மைத்துனன்தான் தைரியமாகக் கேட்டான். "துப்பாக்கி உங்க வீட்டுக்காரரோடதா? ரொம்பக் கோவக்காரராங்க?"

"உசுரோட இருந்த வரைக்கும் என்னை ஒரு வார்த்தை அதட்டினதில்ல."

"பின்ன இந்தக் கண்ணு..."

அவள் உள்ளே கைகாட்டினாள். ஜன்னலோரம் ஒரு மர நாற்காலி கிடந்தது.

"அதுல உக்காந்திருக்கும்போதே நெஞ்சு வலி. கையில அந்தத் துப்பாக்கி இருந்துச்சு. டாக்டர் வந்து பாத்துட்டு, உசுர் போயி ரெண்டு மணி நேரமாச்சும்மான்னு சொல்லிட்டுப் போனார். அவர் போனதும் நான் பக்கத்துல உக்காந்து, இவர் முகத்தையே பாத்துக்கிட்டிருந்தேன்."

அந்தக் குழியை விரலால் மெல்லத் தடவினாள்.

"அப்பதான் சுட்டார்."