மன்னார் வெயிலில் ஹீற்றர்

காலை ஆறரைக்குத் தலைமன்னாரிலிருந்து புறப்பட்டோம்: நான், மனைவி மெற்றில்டா, எங்கள் நான்கு மாத மகள். தாதியான மெற்றில்டாவுக்கு நுவரெலியாவுக்கு மாற்றம் கிடைத்திருந்தது. மறுநாள் காலை எட்டு மணிக்கு அங்கே கையெழுத்து வைக்க வேண்டும். கடற்கரையிலேயே வளர்ந்த எங்களுக்குக் குளிரில் குடியிருக்கப் போவது திருநாளுக்குப் போவது போலிருந்தது.

பேசாலை கழிந்ததும் மெற்றில்டா வாகனத்தின் ஹீற்றரைப் போட்டுப் பார்க்கச் சொன்னாள். வாகனம் வாங்கி இரண்டு வருடமாகியும் அந்தப் பொத்தானை நான் தொட்டதேயில்லை. வாயால் ஊதினாற்போல இளஞ்சூட்டில் ஒரு காற்று வந்தது. மலைக்குளிரில் கைக்குழந்தைக்கு இது எப்படிப் போதும்?

ஏழரைக்கு மன்னார் நகரில் ஒரு கராஜில் காட்டினோம். உள்ளே குழாய் அடைத்திருக்கும், முன்பக்கம் முழுவதையும் கழற்ற வேண்டும், மூன்று நாளாகும் என்றார்கள். அவ்வளவு நாள் காத்திருக்க முடியாது. தாழ்வுபாட்டில் படகு இஞ்சின்களுக்கு வயர் வேலை செய்யும் பெனடிக்ற் அண்ணரைத் தேடிப் போனோம்.

அவர் ஹீற்றருக்குப் போய்வரும் இரண்டு குழாய்களையும் தொட்டுப் பார்த்தார். இரண்டும் கொதித்தன; அடைப்பு இல்லை. அப்போதுதான் மெற்றில்டா கேட்டாள்:

"அண்ணை, இவ்வளவு தூரம் ஓடி வந்தும் சூட்டு முள் ஏன் அடியிலயே கிடக்குது? தேர்மாமீற்றர் பிழைச்சா தாதிமார் எங்களுக்கும் காய்ச்சல் தெரியாது."

அண்ணர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "நீங்கள் சொல்லுறது சரி தங்கச்சி. இஞ்சினைக் குளிராக்கிற விசிறியும் ஓயாமல் ஓடுது."

தண்ணீரின் சூட்டை அளக்கும் சென்சரின் இணைப்பைக் கழற்றினார். உப்புக்காற்றில் முனைகள் பச்சை பூத்திருந்தன. செய்தி போய்ச் சேராததால், காவலுக்கு விசிறியை ஓடவிட்டு, இஞ்சின் இன்னும் சூடாகவில்லை என்று எண்ணி, வாகனம் சூட்டுக்காற்றை அடக்கி வைத்திருக்கிறது. முனைகளைச் சுரண்டித் துடைத்து இறுக்கி மாட்டினார்.

விசிறி நின்றது. முள் மெல்ல நடுவுக்கு ஏறியது. குழந்தையை அண்ணரின் மனைவி நிழலில் வைத்திருக்க, நாங்கள் மூவரும் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு ஹீற்றரை முழுதாகத் திருப்பினோம். அனல் முகத்தில் அடித்தது. பத்து மணி மன்னார் வெயிலில் வியர்த்து ஒழுகியபடி மூவரும் சிரித்தோம். அண்ணர் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்தான் வாங்கினார்.

பாலம் கடந்து வங்காலைப் பக்கம் திரும்பியபோது மெற்றில்டா சொன்னாள்:

"ஒருக்கா நிப்பாட்டுங்கோ."

இறங்கி, குழந்தையின் காலுறைகளைக் கழற்றி, சின்னப் பாதங்களை வெயிலில் பிடித்தாள். இன்னும் ஐந்து நிமிடம், இன்னும் ஐந்து நிமிடம் என்றாள். நுவரெலியாவில் இப்படி வெயில் எப்போதும் கிடைக்காது என்பது அப்போதுதான் எனக்கும் உறைத்தது. நான் இஞ்சினை நிறுத்திவிட்டு அவர்கள் பக்கத்தில் போய் நின்றேன்.