கேட்காத வாய்

எங்கள் கம்பெனியில் லேப் இன்சார்ஜ் வேலை காலியானபோது அது எனக்குத்தான் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கும்மிடிப்பூண்டியில் இரும்பு வார்க்கிற கம்பெனி. சாம்பிள் எடுத்துச் சோதிக்கிற வேலைக்கு நான் வந்தபோது இப்போதைய மேனேஜரே சேர்ந்திருக்கவில்லை. ஆனால் வேலை, என்னிடம் வேலை பழகிய ஒருவருக்குப் போனது.

மேனேஜருக்கு உண்மையிலேயே ஆச்சரியம். "நீங்க கேக்கவே இல்லியேம்மா. அவரு வந்து வந்து கேட்டாரு. உங்களுக்கு இஷ்டமில்லன்னு நெனச்சேன்."

வீட்டுக்கு வந்து சொன்னேன். என் கணவர் சட்டையைக் கழற்றி வீசினார். "வாய இன்னாத்துக்கு வெச்சினுகீற?"

யாரிடமும் எதையும் கேட்பதில்லை என்பதை என் கொள்கை என்றே நம்பிக்கொண்டிருந்தேன். உழைப்பைப் பார்த்துத் தானாகத் தர வேண்டும், கேட்டு வாங்கினால் அது பிச்சை. யோசித்துப் பார்த்தால் அந்தப் பேச்சே என்னுடையதில்லை. அம்மாவுடையது. அம்மா ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முட்டி போட்டு ஆண்டவருக்கு நன்றி மட்டும்தான் சொல்வாள். அவரிடம்கூட எதையும் கேட்க மாட்டாள்.

அந்த எரிச்சல் அடங்குவதற்குள் அம்மாவுக்கு அடிவயிற்றில் வலி வந்தது. லீவு போட்டு திருவள்ளூரில் ஒரு ஸ்கேன் சென்டருக்குக் கூட்டிப் போனேன். வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு உட்காரச் சொன்னார்கள். அம்மா குடித்தாள். உட்கார்ந்தோம். எங்களுக்குப் பின்னால் வந்தவர்களைக் கூப்பிட்டார்கள். அவர்களுக்கும் பின்னால் வந்தவர்களைக் கூப்பிட்டார்கள். அம்மாவின் நெற்றியில் வியர்வை கோத்தது. புடவைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அடக்க முடியலியாம்மா?"

"அவுங்களுக்கு வேல இருக்கும். கூப்புடுவாங்க."

நானும் பேசாமல்தான் இருந்தேன். அதை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. வாயைத் திறந்து கேட்க வேண்டிய ஒரே ஒரு கேள்வி. இரண்டு பெண்கள், அதைக் கேட்க மாட்டாமல், பெருமையோடு உட்கார்ந்திருந்தோம்.

கடைசியில் எழுந்தேன். எழுந்ததும் என் வாயிலிருந்து வந்தது கேள்வி இல்லை, கத்தல். கேட்டுப் பழகாதவளுக்கு மெதுவாகக் கேட்கத் தெரியவில்லை. "எங்களப் பாத்தா மனுசங்களாத் தெரியலியா?" ஹாலே திரும்பிப் பார்த்தது. மேசைக்குப் பின்னால் இருந்த பெண் பயந்துபோய் கம்ப்யூட்டரைத் தட்டினாள். "ஐயோ, உங்க பேரு விட்டுப்போச்சுக்கா. அப்பவே சொல்லியிருக்கலாமே!" உடனே அம்மாவை உள்ளே அழைத்துப் போனார்கள். அவ்வளவுதான் விஷயம்.

ஸ்கேனில் பயப்பட ஒன்றுமில்லை, மாத்திரை போதும் என்றார்கள். ஆனால் திரும்பும்போது பஸ்ஸில் அம்மா முகம் கொடுத்துப் பேசவில்லை. ஸ்கேன் சென்டர்காரர்கள்மேல் அவளுக்குக் கோபமில்லை. என்மேல்தான்.

"நாலு பேரு முன்னால மானத்த வாங்கிட்ட."

"நீ வலியில துடிக்கிற, நான் கேக்கக் கூடாதா?"

ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னாள். "நடவுக்குப் போவச்சொல்ல ஒருநாள் தாகம் தாங்கல. நெலத்துக்காரரு ஊட்டாண்ட போயி தண்ணி கேட்டேன். நம்மள சொம்பத் தொட உடாம, கையில ஊத்துவாங்க. பாதி ஊத்தினு இருக்கச்சொல்ல அந்தம்மா யார்கிட்டயோ பேசப் போய்ட்டாங்க. நான் ரெண்டு கையும் நீட்டினு நின்னுனே இருந்தேன். திரும்பி வரவே இல்ல." தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "கேட்டாதான இல்லம்பாங்க? கேக்காதவள யாரு இல்லன்னு சொல்ல முடியும்?"

எனக்கு வந்தது பரிதாபம் மட்டுமில்லை. ஆத்திரமும் சேர்ந்துதான். சுயமரியாதை என்று நான் இத்தனை நாள் நெஞ்சில் தூக்கிக்கொண்டு திரிந்தது, யாரோ ஒருத்தி பாதியில் விட்டுவிட்டுப் போன அவமானம். யார்மேல் கோபப்படுவது? அந்த அம்மாள் எப்போதோ செத்துப்போயிருப்பாள். என் அம்மாவோ அந்த ஒரு வழியில்தான் தலை நிமிர்ந்து பிழைத்திருக்கிறாள், அதையே எனக்கும் ஊட்டியிருக்கிறாள். மேனேஜருக்கு இதெல்லாம் என்ன தெரியும்? கேட்டு வாங்கிய அந்த ஆளிடமும் தப்பு இல்லை.

மறுநாள் மேனேஜரின் அறைக்குப் போனேன். "சார், இன்னொரு லேப் வருதுன்னாங்க. அதுக்கு என்னைய இன்சார்ஜா போடுங்க." நல்லவேளை, கத்தவில்லை.

"பாக்கலாம்மா," என்றார், லேப்டாப்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். கேட்டது தப்பில்லை என்று எனக்குத் தெரியும். மறுபடியும் போய்க் கேட்கத்தான் போகிறேன். ஆனாலும் கேட்டுவிட்டு வந்த அன்று மதியம் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், ஒரு வாய் சோறு உள்ளே இறங்கவில்லை.