பாஞ்சாலி வூட்டுப் புடலங்காய்

பாஞ்சாலியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல ஆள் தேடினால் வல்லக்கோட்டை சுற்றுவட்டாரத்தில் ஒருத்தன் அகப்பட மாட்டான். அவள் புருஷன் நாகப்பனே சொல்ல மாட்டான். ஆனால் அவள் கொல்லையில் காய்க்கிற புடலங்காயைக் கேட்டுப் பாருங்கள், அவளுக்கு ஆகாதவனும் வாயைத் திறப்பான். ஆள் உயரத்துக்குத் தொங்கும். கையில் எடுத்தால் கனக்கும், அடுப்பில் வைத்தால் வெண்ணெயாய் வேகும்.

சஷ்டி விரதம் முடிந்த மறுநாள் தெருவே பிள்ளையார் கோயில் பந்தலில் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும். அன்றைக்குப் பானையில் வேகிற கூட்டு பாஞ்சாலி வூட்டுப் புடலங்காய். வேறு எவள் வூட்டுக் காயும் அந்தப் பானைக்குப் போனதில்லை. வருஷம் முழுக்க ராங்கிக்காரி என்று ஏசுகிற ஊர், அந்த ஒரு நாள் அவள் பேரை மரியாதையாகச் சொல்லும். அதற்காகத்தான் அவள் கொல்லையில் கிடந்து செத்தாள்.

யாருக்கும் விதை கொடுத்தது கிடையாது. கேட்டால், "எலி தின்னுடுச்சி" என்பாள். விதையைச் சாணியில் அப்பி அடுப்பங்கரைச் சுவரில் தட்டி வைத்திருப்பாள். கேட்க வந்தவளுக்கு அது தெரிகிற மாதிரியே கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சொல்வாள்.

கொல்லை வேலிக்கு அந்தப் பக்கம் செங்கமலம். நாகப்பனின் தம்பி தணிகாசலத்தின் பெண்டாட்டி. பாகம் பிரித்தபோது கிணறு பாஞ்சாலி பக்கம் விழுந்தது. தம்பி வூட்டார் வந்து தண்ணி சேந்திக்கொள்ள வேலியில் ஒரு சந்து விடவேண்டும் என்று பேச்சு. விட்டார்கள். அண்ணனும் தம்பியும் பிரிந்த பிறகும் ஒரே ஏரில் மாடு கட்டினார்கள், ஒரே பொட்டணத்தில் வெற்றிலை போட்டார்கள். சண்டை எல்லாம் பெண்டுகள் இரண்டு பேருக்கும்தான்.

பாகம் பிரிந்த முதல் ஆடியில் செங்கமலம் சந்து வழியாக வந்து நின்றாள்.

"அக்கா, ரெண்டு புடல வெத குடுக்கா. நானும் ஒரு குழி போட்டுக்கறேன்."

"உனுக்கு இல்லாததா?" என்று பாஞ்சாலி உள்ளே போனாள். அடுப்பில் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்த வெந்நீரில் விதையைப் போட்டு எடுத்தாள். துணியில் துடைத்து, சாம்பலில் புரட்டி, சிரித்த முகமாகக் கொண்டுவந்து கொடுத்தாள்.

செங்கமலம் குழி தோண்டினாள், எரு போட்டாள், இதே கிணற்றில் சேந்தி ஊற்றினாள். ஒன்றுகூடத் தலை நீட்டவில்லை. மண்ணைக் கிளறி ஒரு விதையை எடுத்து விரலால் நசுக்கினாள். உள்ளே வெந்த பருப்பு. அந்த வருஷம் பாஞ்சாலியின் கொடி ஒன்று வேலி மேலே ஏறி அந்தப் பக்கம் இறங்கிக் காய்த்தது. வேலி தாண்டின காய் அந்தப் பக்கத்துக்காரருக்கு என்பது ஊர் வழக்கம். செங்கமலம் அதன்மேல் பழைய புடவைக் கிழிசலைப் போர்த்தி, செக்கச்செவேலென்று பழுக்கவிட்டு அறுத்துக்கொண்டாள்.

பாஞ்சாலி பார்த்தபோது காம்புதான் மிச்சம்.

"திருட்டு நாயே! எங்கூட்டு வெதக்காயத் தின்னவளே!"

"எம்பக்கம் தொங்குச்சிக்கா. நீ கட்டிப் போடாத கொடி என்னா பண்ணும்?"

அன்றைக்கே பாஞ்சாலி சந்தில் கருவேல முள்ளை வெட்டி அடைத்தாள். கிளுவைக் கழிகளை நெருக்கி நட்டாள். செங்கமலம் தெருக்கோடிக் கிணற்றுக்குக் குடம் தூக்க ஆரம்பித்தாள். பாஞ்சாலி தன் கிணற்றடியில் நின்றுகொண்டு வேண்டுமென்றே தண்ணியைத் தளும்பத் தளும்ப இறைப்பாள், சத்தம் கேட்கட்டும் என்று.

அடுத்த வருஷ மழையில் வேலி மண்டியது. நடுவில் தானாக ஒரு கொடி முளைத்து ஏறியது. இலை புடலை மாதிரி, பூ புடலை மாதிரி, காய் மட்டும் விரல் நீளம். பேய்ப்புடல். நாகப்பன் அரிவாளை எடுத்தான்.

"வுடு, கெடக்கட்டும்" என்றாள் பாஞ்சாலி. "அவ மூஞ்சி தெரியாம மறைக்குது இல்ல? அதுக்காகவாச்சும் வாழட்டும்."

அந்திக்கு மேல் வேலியிலும் பந்தலிலும் ஒரே நேரத்தில் வெள்ளை வெள்ளையாக நூல் பிரிந்த பூக்கள் மலர்ந்தன. பூச்சிக்குப் பாகப்பிரிவினை உண்டா? இந்தப் பூவில் உட்கார்ந்தது அந்தப் பூவுக்கும் போனது. அந்த வருஷக் காயில் ஒன்றும் தெரியவில்லை. சஷ்டிக் கூட்டு வழக்கம்போல் மணத்தது. பாஞ்சாலி விதைக்காயைப் பழுக்கவிட்டு விதை எடுத்துச் சுவரில் தட்டினாள்.

அதற்கடுத்தது எமர்ஜென்சி வந்த வருஷம். ஆடியில் அந்த விதையைத்தான் போட்டாள். ஆவணியில் சவுக்குக் கழி நட்டுப் பந்தல் போட்டாள். ஓரத்தில் கத்தரி, வெண்டை, கொத்தவரை எல்லாம் வந்தன. புரட்டாசியில் காய் சுருளாமல் நேராக இறங்க ஒவ்வொரு பிஞ்சின் நுனியிலும் வாழைநாரில் கல் கட்டினாள். கண் படாமல் இருக்கப் பழஞ்செருப்பையும் கட்டித் தொங்கவிட்டாள், செங்கமலம் பக்கம் பார்க்கிற மாதிரி. முருகனுக்குப் படைக்காமல் முதல் காயைத் தொடமாட்டாள். வூட்டுக் குழம்புக்குக்கூட ஒன்று அறுக்கவில்லை.

ஐப்பசியில் சஷ்டி முடிந்தது. விரதம் இருந்தவர்கள் வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குப் போய்த் திரும்பினார்கள். சமையல் பார்க்கிற கோதண்டம் பாஞ்சாலி வூட்டுக் காயை நறுக்கி, பாசிப்பருப்போடு பெரிய பானையில் ஏற்றினான். படையலுக்கு ஆக்குகிற சோற்றைப் படைக்கும் முன்னால் யாரும் நாக்கில் வைக்கக்கூடாது. உப்புகூடக் கைக்கணக்குதான். முருகன் படத்துக்கு முன்னால் இலை போட்டு, கற்பூரம் காட்டிவிட்டுப் பந்தி வைத்தார்கள்.

முதல் கவளம் வாய்க்குப் போனது. பந்தி முழுக்க மூஞ்சிகள் சுளித்தன. விரதத்தில் காய்ந்த வயிறு வேறு. இரண்டு பேர் எழுந்து ஓடிப்போய்ச் சாக்கடை ஓரம் குடலைக் கக்கினார்கள். வேப்பெண்ணெய்கூட அவ்வளவு கசக்காது.

"இன்னாம்மா பாஞ்சாலி, ஊரக் கொல்லப் பாத்தியா?" என்றான் கோதண்டம். "சாமிக்கு வெசம் படைக்க வச்சிட்டியே!"

"அவ மனசுதான் காயில எறங்கிக்கீது" என்று பந்தியிலிருந்து ஒருத்தி சொன்னாள். சிரிப்பு கிளம்பியது. பாஞ்சாலி எச்சில் கையோடு எழுந்து போனாள். நேராக வேலிக்கு.

"ஏய் செங்கமலம்! வாடி வெளிய! எங்கொல்லையில இன்னாடி போட்ட? பில்லி வச்சியா, சூனியம் வச்சியா?"

பந்தியிலிருந்து பின்னாலேயே வந்துவிட்ட செங்கமலம் வேலி இடுக்கில் முகத்தை வைத்தாள். அவள் குரல் ஏறவே இல்லை.

"நான் எதுக்குக்கா வெக்கணும்? நீதான் பேய்ப்புடல சீராட்டி வளத்தியே. அது பக்கத்துல காய்ச்ச வெதையப் போட்டா கசக்காம இனிக்குமா? எம்மூஞ்சிய மறைக்க வேலி போட்ட. இப்ப உம்மூஞ்சிய எங்க வெச்சிப்ப?"

நாகப்பன் வேலியிலிருந்து ஒரு குட்டிக் காயைப் பறித்தான். பந்தலிலிருந்து ஒரு காயை அறுத்தான். இரண்டையும் கிள்ளி நாக்கில் வைத்துத் துப்பினான். "ஒரே கசப்பு" என்று மட்டும் சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டான்.

பாஞ்சாலி பந்தலையே பிடுங்கிப் போட்டாள். சுவரில் தட்டியிருந்ததை எல்லாம் பெயர்த்து அடுப்பில் போட்டாள். அப்புறம்தான் உறைத்தது, நல்ல விதை என்று ஊரில் யார் கையிலும் இல்லை. யாருக்காவது கொடுத்திருந்தால் அல்லவா இருக்கும்? ஸ்ரீபெரும்புதூர் சந்தையில் வாங்கின விதை முழ நீளத்துக்கு மேல் போகாத ஜாதி. அதைக் கொண்டுபோய் அந்தப் பானையில் போட அவளுக்கு மானம் இடம் கொடுக்கவில்லை.

மறு வருஷம் ஆனி கடைசியில் நாகப்பன் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான். "தம்பி சொன்னான். வாலாஜாபாத்துல செங்கமலத்தோட அம்மா வூட்ல புடலங்கா ஆள் ஒசரம் தொங்குதாம். நம்ம வெததான். அன்னிக்கு அறுத்துக்கினு போனாளே, அது."

பாஞ்சாலிக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் வேலிக்கு வந்து செருமினாள்.

"ஏ சின்னவளே."

"இன்னாக்கா?"

"எங்கூட்டு வெத உங்கிட்ட கீதாம்."

"எங்கூட்டு வெத எங்கிட்ட கீது."

"குடு."

"வேலிய வெட்டுக்கா. குடுக்கறேன். சந்து இல்ல, மொத்தமா. தெருக்கோடில இருந்து கொடம் தூக்கித் தூக்கி இடுப்பு வுட்டுப்போச்சி."

புருஷன் கையால் வெட்டினால் தோற்ற மாதிரி ஆகிவிடும் என்று பாஞ்சாலி தானே வெட்டினாள். கிளுவையை வெட்டினாள், முள்ளை இழுத்தாள், பேய்ப்புடலின் கிழங்கை மண்வெட்டியால் நோண்டி எடுத்தாள். கை முழுக்க ரத்தக் கீறல். செங்கமலம் இடுப்பில் குடத்தை வைத்துக்கொண்டு நின்று பார்த்தாள். கடைசிக் கழி விழுந்ததும் முந்தியை அவிழ்த்து விதையைக் கொடுத்தாள். சிரித்த முகமாகக் கொடுத்தாள்.

அந்தச் சிரிப்பைப் பாஞ்சாலிக்குத் தெரியும். அது அவளுடைய சிரிப்பு.

வெந்நீர் காட்டின விதைதான், சந்தேகமே இல்லை. அவள் அதைக் கொல்லையில் போடவில்லை. உடைந்த சட்டியில் மண் போட்டுப் புதைத்து, கிணற்றடியில் எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி வைத்தாள். முளைக்காமல் போகட்டும், தெருவைக் கூட்டி நாறடிக்கலாம் என்று ஒவ்வொரு வசவாகச் சேர்த்து வைத்தாள். இவ்வளவு ஆசையாக ஒரு விதை சாகவேண்டும் என்று எவளும் காத்திருந்திருக்க மாட்டாள்.

அத்தனையும் முளைத்தது. ஒன்று தப்பாமல், ஜோடி ஜோடியாக இலை விரித்துக்கொண்டு நின்றது.

செங்கமலம் தண்ணி சேந்த வந்தாள். பாஞ்சாலி சட்டியைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். வாய் பொறுக்கவில்லை.

"ஏன்டி, நீ வென்னீர்ல போடல?"

செங்கமலம் கயிற்றை நிதானமாகச் சுருட்டினாள். "எங்கூட்ல அன்னிக்கு வெறகு இல்லக்கா" என்றாள். குடத்தைத் தூக்கிக்கொண்டு போகிற போக்கில் கத்தரிச் செடி மேல் வேண்டுமென்றே கொஞ்சம் தளும்பவிட்டாள்.

அந்த ஐப்பசியில் கோதண்டம் இரண்டு வூட்டிலும் காய் வாங்கினான். எது எவளுடையது என்று தெரியாமல் ஒரே பானையில் வெந்தது. பந்தியில் பாஞ்சாலி கூட்டை மட்டும் தனியாக எடுத்து மென்று மென்று பார்த்தாள். கசப்பு இல்லை. எதிர்வரிசையில் உட்கார்ந்திருந்த செங்கமலம் இலையிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"எப்டிக்கா கீது?"

"உப்பு கம்மி" என்றாள் பாஞ்சாலி.