மூன்று பேர் சேர்ந்தால் ஒரு சி மேஜர்

கிடார் வாசிக்கிற பிள்ளைகள் என்னைக் கேட்கிறார்கள்: "சார், ஜி செவன்ல செவன் எதுக்கு? மைனர்னா என்ன மைனர்?" நான் கிடார்க்காரன் இல்லை. கல்யாண பேண்டில் டிரம்பெட் ஊதியவன். ஆனாலும் இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியும். ஐம்பதுகளில் சூளகிரியில் ஒரு கல்யாணத்தில் தெரிந்துகொண்டேன். அன்றைக்குச் சிரித்த மாதிரி நான் வாழ்க்கையில் வேறு எந்த நாளும் சிரித்ததில்லை.

1. ஐரீன் வந்த நாள்

ஓசூரில் எங்கள் பேண்டில் ஊதுகிறவர்கள் மூன்று பேர். மாஸ்டர் முனிரத்தினம் கிளாரினெட். நான் டிரம்பெட். பசப்பா யூபோனியம் என்ற பித்தளைக் குழல், ஆளும் பெரியவர், வாத்தியமும் பெரியது. டிரம் அடிக்க இரண்டு பேர் தனி. தளியிலிருந்து சூளகிரி வரைக்கும் கல்யாணம் என்றால் எங்களைத்தான் கூப்பிடுவார்கள்.

அந்தத் தை மாதம் சூளகிரியில் வசதியான விவசாயக் குடும்பம் ஒன்றில் கல்யாணம். மாப்பிள்ளை வெங்கடேசன் பெங்களூரில் பி.ஏ. படித்தவர். நலங்கில் தானே எழுதிய நாலு வரியை இங்கிலீஷ் மெட்டில், கிடாரோடு பாடப்போவதாகப் பெண் வீட்டாரிடம் சொல்லிவிட்டார். பெண்ணின் அப்பா கிருஷ்ணகிரிக்காரர். "பாக்கலாம், பாக்கலாம்" என்றாராம். அந்த இரண்டு 'பாக்கலாம்' மாப்பிள்ளையைத் தூங்கவிடவில்லை.

"கிடாருக்கு ஆளை நானே வரச்சொல்றேன் மாஸ்டர். நீங்க கூட வாசிக்கணும். மாமனார் முன்னாடி என் மானத்தைக் காப்பாத்துங்க" என்று எங்களிடம் வந்து கெஞ்சினார்.

அவர் போனதும் மாஸ்டர் சொன்னார்: "இது நல்லபடியா முடிஞ்சா கிருஷ்ணகிரி பக்கமெல்லாம் நம்ம பேண்டுதான். கெட்டுப்போச்சுன்னா சூளகிரிக்காரன்கூட நம்மளக் கூப்பிடமாட்டான். ஆமா, கிடாருன்னா எப்பிடி இருக்கும்?"

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலை பெங்களூர் பஸ்ஸிலிருந்து கிடார் இறங்கியது. அதைத் தோளில் மாட்டியிருந்தது ஒரு பெண். ஐரீன். கண்டோன்மென்ட்டில் பகலில் டைப்பிஸ்ட், சாயங்காலம் டான்ஸ் பேண்டில் கிடார். அவருக்கும் எனக்கும் ஒரே வயது. கவுன் போட்ட பெண்ணைப் பார்க்க பஸ் ஸ்டாண்டே கூடிவிட்டது.

"நீங்கதான் பேண்டா மேன்? ரொம்பப் பசிக்குது. முதல்ல இட்லி, அப்புறம் மியூசிக்" என்றார் ஐரீன். மாஸ்டருக்கு அந்த நிமிஷமே அவரைப் பிடித்துவிட்டது.

சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தோம். "பாட்டு ரொம்ப ஈஸி. மொத்தம் நாலு கார்ட்தான்" என்றார்.

பசப்பா என்னிடம் குனிந்து, "ஏனப்பா, யாருக்குக் கார்டு எழுதணும்?" என்று கேட்டார்.

அவர் சொன்னது தபால் கார்டு இல்லை, கிடாரில் சேர்த்து மீட்டுகிற ஸ்வரக் கூட்டு. ஐரீன் ஒரு அட்டையில் நாலு பெயரையும் இங்கிலீஷில் எழுதிச் சுவரில் சாய்த்து வைத்தார். மாஸ்டர் எழுத்துக்கூட்டிப் படித்தார். முதலாவது சி. இரண்டாவதில் ஏ, அதன் பக்கத்தில் சின்ன எம்.

"ஆம்" என்று படித்தார் மாஸ்டர். "சரிதான், எதுக்கு ஆம்ன்றாங்க?"

ஐரீன் தரையில் சாய்ந்து சிரித்தார். மேலே சொல்ல அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது. "அது ஏ மைனர், மாஸ்டர். அப்புறம் எஃப். கடைசி ஜி செவன்."

நான் கிருஷ்ணகிரியில் ஒரு பழைய போலீஸ் பேண்ட்காரரிடம் கற்றவன். சி, டி, ஈ எல்லாம் எனக்குத் தெரியும். "நான் சி ஊதறேன், நீங்க சி வாசிங்க" என்று நெஞ்சை நிமிர்த்தி ஊதினேன். ஐரீன் கிடாரை மீட்டினார். இரண்டும் சேர்ந்தபோது, பக்கத்து வீட்டில் கட்டியிருந்த எருமை கயிற்றை இழுத்தது.

"நீ ஊதுறது சி இல்லே மேன்!"

"இதுதாங்க சி!"

மாஸ்டருக்கு இந்த சி, டி எல்லாம் தெரியாவிட்டாலும் காது உண்டு. "சண்டை வேணாம். அந்தம்மா வாசிக்கறது ஒரு கட்டை. நீ ஊதறது ஆறரைக் கட்டை. ஒரு முழுச் சுரம் தூக்கி ஊது" என்றார். தூக்கி ஊதினேன். ஒட்டிக்கொண்டது.

டிரம்பெட்டும் கிளாரினெட்டும் பி ஃப்ளாட் வாத்தியங்கள். அதில் சி என்று நாம் பிடிப்பது, ஆர்மோனியத்தில் பி ஃப்ளாட்டாகத்தான் கேட்கும். கிடாரோடு சேரும்போது ஒரு சுரம் ஏற்றிக்கொள்ள வேண்டும். இதைப் போலீஸ்காரர் எனக்குச் சொல்லித்தரவில்லை. எருமைதான் சொல்லித்தந்தது.

2. உருளைக்கிழங்கு மூட்டை

மறுநாள் காலை சூளகிரிக்கு பஸ். கிடாருக்குத் துணி உறைதான். உள்ளே இடமில்லை என்று கண்டக்டர் அதை வாங்கி டாப்பில் வைத்துவிட்டார். வழியில் யாரோ உருளைக்கிழங்கு மூட்டை ஏற்றினார்கள். மேலே 'டம்' என்று ஒரு சத்தம் கேட்டது. ஐரீன் முகம் வெளுத்தது.

சூளகிரியில் இறக்கிப் பார்த்தால் கிடாரின் கழுத்து தனி, உடம்பு தனி. நடுவில் ஆறு கம்பியும் குடல் மாதிரி தொங்கின. ஐரீன் இரண்டையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டார். கண்ணில் தண்ணீர். டாப்பிலிருந்து ஒரு கிழங்கு உருண்டு வந்து அவர் மடியில் விழுந்தது. அவர் அதைப் பார்த்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். அழுகையும் நிற்கவில்லை, சிரிப்பும் நிற்கவில்லை.

மாப்பிள்ளை ஓடி வந்தார். நாதஸ்வரத்தோடு முகூர்த்தம் அப்போதுதான் முடிந்திருந்தது, கழுத்தில் மாலை. கிடாரைப் பார்த்ததும் பக்கத்துக் கட்டைவண்டியைப் பிடித்துக்கொண்டார்.

"மத்தியானம் நலங்கு. எங்க மாமனார் முன்வரிசையில உக்காருவார்" என்றார், சாகப்போகிறவர் மாதிரி.

"பாட்ட நிறுத்திடலாங்களா?" என்று மாஸ்டர் கேட்டார்.

"நிறுத்தினா ஆயுசுக்கும் 'பாக்கலாம்'தான்."

அப்போது ஐரீன் மூக்கைத் துடைத்துக்கொண்டு எங்கள் மூவரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். "நீங்க மூணு பேர் இருக்கீங்க. ஒரு கார்டுக்கு மூணு நோட்டு போதும். மேன், நீங்கதான் இன்னைக்குக் கிடார்!"

3. மாந்தோப்பில் படித்தது

பந்தலுக்குப் பின்னால் ஒரு மாந்தோப்பு. அங்கே எங்களை வரிசையாக நிறுத்தினார் ஐரீன். அன்று அவர் சொன்னதும், மாஸ்டர் அதை ஸ்வரத்தில் திருப்பிச் சொன்னதும்தான் நான் இன்றைக்கும் பிள்ளைகளுக்குச் சொல்வது.

கார்ட் என்றால் ஒரே நேரத்தில் ஒலிக்கிற மூன்று ஸ்வரம். பெயரில் எந்த எழுத்து இருக்கிறதோ அதிலிருந்து எண்ண வேண்டும். அதையும் சேர்த்து எண்ண வேண்டும். ஒன்று, மூன்று, ஐந்து. நடுவில் இருப்பதைத் தாண்டிவிட வேண்டும். சி நமக்கு ச. ச ஒன்று, ரி தாண்டு, க மூன்று, ம தாண்டு, ப ஐந்து. ச, க, ப. சி மேஜர் முடிந்தது.

பசப்பா ச பிடித்தார். மாஸ்டர் க. நான் ப. மூன்றும் சேர்ந்தபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அதுவரை நாங்கள் மூன்று பேரும் ஒரே பாட்டை ஒரே மாதிரிதான் ஊதியிருக்கிறோம். பக்கத்தில் நிற்கிறவன் வேறு ஒன்றை ஊத, நானும் வேறு ஒன்றை ஊத, மூன்றும் சண்டை போடாமல் ஒரே பொருளாக நின்றது அன்றுதான் முதல் தடவை. பசப்பா வாத்தியத்தை வாயிலிருந்து எடுத்து, "அய்யய்யோ! சக்கர மாதிரி இருக்குது, இன்னொரு தடவ ஊதலாம்" என்றார்.

"மாஸ்டர், உங்க நோட்ட மட்டும் அரை இறக்குங்க" என்றார் ஐரீன். ஆர்மோனியத்தில் கறுப்பு வெள்ளை எல்லாவற்றையும் எண்ணினால் ச-வுக்கு மேலே நாலாவது கட்டை, பெரிய காந்தாரம். மாஸ்டர் அதை விட்டு மூன்றாவது கட்டைக்கு, சின்ன காந்தாரத்துக்கு இறங்கினார். நானும் பசப்பாவும் நகரவே இல்லை. ஆனால் தோப்பே சோகமாகிவிட்டது.

"அதுதான் மைனர். நடுவுல இருக்கிறவரு ஒரு படி இறங்கினா போதும், எல்லாரும் அழுவாங்க" என்றார். மாஸ்டர் ஏறினார், இறங்கினார், ஏறினார், இறங்கினார். சந்தோஷம், துக்கம், சந்தோஷம், துக்கம். நிறுத்தச் சொன்னால்கூட அவர் கேட்கவில்லை.

ஏ மைனருக்கு ஏ-யிலிருந்து எண்ணினோம். த, ச, க. த-விலிருந்து ச மூன்றாவது கட்டையிலேயே வந்துவிடுகிறது. அதனால் அது தானாகவே மைனர். எஃப் என்றால் ம, த, ச. ஜி என்றால் ப, நி, ரி.

"அப்ப செவன்?" என்று கேட்டேன்.

"எண்ணு மேன்."

ப-விலிருந்து எண்ணினேன். ப, த, நி, ச, ரி, க, ம. ஏழாவது ம. அந்த ம-வையும் சேர்த்தால் நாலு ஸ்வரம். எங்களிடம் இருப்பதோ மூன்று வாய்.

மாப்பிள்ளை வந்து பாடிப் பார்த்தார். பாட்டு க-வில் தொடங்குகிறது. வெறும் ஜி ஊதினால் அவர் தொடங்கும் இடம் தெரியாமல் எங்கேயோ விழுந்தார். ஐரீன் விளக்கினார்: "ம வந்தா அது க-வுக்கு இறங்கத் துடிக்கும். இவரும் அதைப் பிடிச்சிட்டு இறங்கிடுவார். மாஸ்டர், அந்த இடத்துல நீங்க ரி வேண்டாம், விட்டுட்டு ம ஊதுங்க. ரி இல்லாட்டி ஒண்ணும் கெட்டுப்போகாது."

"ம. சரி. ம" என்றார் மாஸ்டர்.

டிரம்பெட் சத்தம் பாட்டை மூடிவிடும் என்று சமையல்காரரிடம் ஒரு கொட்டாங்குச்சி வாங்கி என் வாத்தியத்தின் வாயில் சொருகினார்கள். பசப்பாவின் யூபோனியத்துக்குள் ஒரு முழு வேட்டி போனது.

4. நலங்கு

பந்தல் நிறைந்திருந்தது. முன்வரிசையில் மாமனார், கையைக் கட்டிக்கொண்டு. பெண் சரோஜா பாயில் குனிந்து உட்கார்ந்திருந்தார். ஐரீன் எங்கள் முன்னால் உடைந்த கிடாரின் கழுத்தை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றார். அதில் அவர் விரல் வைக்கும் வடிவத்தைப் பார்த்து நாங்கள் மாற வேண்டும். உடம்பில்லாத கிடாரை ஒரு பெண் வாசிப்பதும், சத்தம் எங்கள் மூன்று பேரிடமிருந்து வருவதும்! கூட்டத்தில் ஒரு கிழவர் எழுந்தே நின்றுவிட்டார்.

சி வந்தது. ஏ மைனர் வந்தது. எஃப் வந்தது. ஜி செவன். இத்தனை பேரைப் பார்த்த உற்சாகத்தில் மாஸ்டர் ம-வை மறந்து, ரி-யை இழுத்து ஊதினார்.

மாப்பிள்ளை வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. ஐரீன் கண்ணை உருட்டினார். நாங்கள் மறுபடியும் சி-யிலிருந்து சுற்றி வந்தோம். மறுபடியும் ரி. மாஸ்டருக்கு வேர்த்தது. மாமனார் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொன்னார். அவர் உதடு அசைந்ததில் எனக்குத் தெரிந்தது ஒரே சொல்தான்.

மூன்றாம் சுற்று. பசப்பா ப. நான் நி. மாஸ்டர், கடவுளே, ரி. அப்போது பாயிலிருந்து ஒரு குரல் வந்தது. சன்னமாக, சுத்தமாக, ஒரு ம.

சரோஜா தலையைத் தூக்கவில்லை. மாலைக்குள்ளிருந்தே பாடினார். நாலு ஸ்வரமும் சேர்ந்து ஜி செவன் முழுசாக நின்றது. வில்லை இழுத்துப் பிடித்த மாதிரி ஒரு துடிப்பு. அந்த ம அப்படியே க-வுக்கு இறங்கியது. மாப்பிள்ளையும் அதோடு இறங்கினார். இரண்டு பேரும் ஒரே க-வில் வந்து நின்றார்கள். பாட்டு ஓட ஆரம்பித்துவிட்டது.

பந்தலில் எழுந்த சத்தத்தில் நான் இன்னும் பலமாக ஊத, கொட்டாங்குச்சி என் டிரம்பெட்டிலிருந்து தெறித்து மாமனார் மடியில் விழுந்தது. அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு, கண் கலங்கியிருந்தாலும் அதட்டலாகத்தான் கேட்டார்: "ஏம்மா, உனக்கு எப்பிடிம்மா தெரியும்?"

"காலையிலருந்து தோப்புல இதையேதான ஊதிக்கினு இருக்காங்க. ரூம்ல எனக்கு வேற என்ன வேலை?" என்றார் சரோஜா. "அங்க ஊதினதுல ஒண்ணு இங்க ஒவ்வொரு தடவையும் கொறையுதுப்பா. பல்லு விழுந்த மாதிரி இருந்தது."

நாலு வரிப் பாட்டை அன்று எத்தனை முறை பாடினார்கள் என்று எனக்குத் தெரியாது. ஜி செவன் வரும்போதெல்லாம் பந்தல் முழுக்கப் பெண்கள் ம பாடினார்கள். மாஸ்டர் கடைசிவரை ரி-யைத்தான் ஊதினார். யாரும் அவரைத் திருத்தவில்லை. அதன் பிறகு அது சரியாகவே இருந்தது.

கிடாரை மாப்பிள்ளை வீட்டார் பெங்களூரில் ஒட்டிக் கொடுத்தார்கள். ஐரீன் அதற்குப் பிறகு பல கல்யாணங்களுக்கு எங்களோடு வந்தார். கிருஷ்ணகிரியிலும் எங்களைக் கூப்பிட்டார்கள். கூப்பிட்டவர்களில் பாதிப் பேர், "கிடார் வேணாம், அந்தக் கழுத்து மட்டும் போதும்" என்றார்கள்.

கார்ட் படிக்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். புத்தகத்தில் விரல் வைக்கிற படம் இருக்கும், பார்த்துப் பழகுங்கள், தப்பில்லை. ஆனால் ஒருநாள் கிடாரை ஓரமாக வைத்துவிட்டு மூன்று பேர் சேர்ந்து நில்லுங்கள். ஆளுக்கு ஒரு ஸ்வரம் பிடியுங்கள். நடுவில் இருக்கிறவனை அரைச் சுரம் இறக்கிப் பாருங்கள், ஏற்றிப் பாருங்கள். பெயரெல்லாம் தானாகப் புரியும். அந்த நேரத்தில் கூப்பிடாமலே நாலாவதாக ஒரு குரல் வந்து சேர்ந்தால் தயவுசெய்து நிறுத்தச் சொல்லாதீர்கள். அதுதான் செவன்.